அட்டவணையில் இருக்கும் அந்த ஆசிரியர் யார்? கல்விச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களில் கல்விப் பக்கங்களைக் கவனித்துவரும் செய்தியாளர்களுக்கும் ஆசிரியர் குழுவினருக்கும் வணக்கம்.

தகுதி பெற்ற ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்ற கணக்கில் எந்த நாடு முன்னே, எந்த நாடு பின்னே, இந்தியா எங்கே என்று காட்டும் அட்டவணை அவ்வப்போது உங்கள் பக்கங்களில் வெளியாகிறது. தொடக்கப்பள்ளியில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு, அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் எழுகிறது: அங்கே தகுதி பெற்றவராக எண்ணப்பட்டவர் யார்?

யுனெஸ்கோ தொகுக்கும் இந்த எண்ணிக்கையில் தகுதியை வரையறுப்பது அந்தந்த நாடுதான். பின்லாந்தில் 1970களின் இறுதியிலிருந்து தொடக்க வகுப்பு ஆசிரியர் முதுகலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஈராண்டுப் பட்டயமும், 2010க்குப் பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் தேவை. அதிலும், அந்தத் தேர்வு வருவதற்கு முன்பே நியமனம் பெற்று இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பாடம் நடத்தியவர்களும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் அதில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. அதே ஆசிரியர், அதே கரும்பலகை, அதே பிள்ளைகள். ஆனால் எந்த அளவுகோலை வைப்பது என்பதைப் பொறுத்து அட்டவணையின் எண் மாறிவிடும்.

ஆப்பிரிக்க நாடான மலாவியின் கதை இன்னும் தெளிவானது. 1994இல் அந்நாடு தொடக்கக் கல்வியை இலவசமாக்கியதும் மாணவர் எண்ணிக்கை சுமார் 19 லட்சத்திலிருந்து 30 லட்சத்தை நெருங்கியது. அவர்களுக்காக ஏறத்தாழ 20,000 பேர், முறையான பயிற்சி இல்லாமலே, ஆசிரியர்களாக அவசரமாக அமர்த்தப்பட்டனர். இவர்களையும் சேர்த்து வகுத்தால் ஓர் எண், விட்டுவிட்டு வகுத்தால் அதைவிட மிகப் பெரிய எண். தகுதி பெற்ற ஆசிரியருக்கு 60 மாணவர் என்பதையே பிற்காலத்தில் இலக்காக வைத்துக்கொண்ட நாட்டையும், 30 பேர் என்று சட்டம் எழுதிய நம் நாட்டையும் ஒரே வரிசையில் நிறுத்தித் தரம் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சராசரி மறைப்பதையும் சொல்ல வேண்டும். நான் கடைசியாகப் பணியாற்றிய ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து 38 பிள்ளைகள். ஆசிரியருக்கு 19 பேர். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி என்பதால் சட்டப்படியும் குறையில்லை. ஆனால் உடன் பணியாற்றிய ஆசிரியை பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ சென்றுவிட்ட நாள்களில், ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கைப் போட்டுவிட்டு, மூன்றாம் வகுப்பை வாய்ப்பாடு எழுதச் சொல்லிவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைப்பேன். அதற்குள் வகுத்தல் கணக்கு பாதியில் நின்று, பின்வரிசையில் சண்டை தொடங்கியிருக்கும். பதிவேட்டில் அன்றும் 19தான். மத்திய அரசின் பள்ளிப் புள்ளிவிவரத் தொகுப்பான யுடைஸின் 2024-25 அறிக்கையின்படி நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகள் இருக்கின்றன; தேசிய சராசரியில் அவற்றின் சுவடே தெரியாது.

மறுபக்கத்தில், பின்லாந்தின் தொடக்கப்பள்ளிகளில் ஆசிரியருக்குச் சுமார் 13, 14 மாணவர் என்பதைப் படித்துவிட்டு வகுப்பறையிலும் அத்தனை பேரே இருப்பர் என்று எண்ணிவிடுகிறோம். சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் பாட ஆசிரியர்களும் அந்தக் கணக்கில் சேர்வதால், வகுப்பில் ஏறக்குறைய இருபது பேர் இருப்பார்கள். விகிதம் வேறு, வகுப்பின் அளவு வேறு.

ஆகவே, அடுத்த முறை அட்டவணை வெளியிடும்போது ஒவ்வொரு நாட்டின் பெயருக்கு அருகிலும் அங்கு தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குரிய குறைந்தபட்சத் தகுதி என்ன என்பதை ஒரு வரியில் அச்சிடுங்கள். தரவரிசை எண்ணை எடுத்துவிட்டு, அதே நாட்டின் பத்தாண்டுக்கு முந்தைய எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். இந்தியாவைப் பற்றிய செய்தியானால், தேசிய சராசரியோடு ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளின் எண்ணிக்கையையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். பக்கத்தில் இடம் போதாதென்றால் நாடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்