நாப்கின் உற்பத்தியாளர் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

(28.9.2025 ஞாயிறு அன்று பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது)

தலைவர் அக்காவுக்கும் பொருளாளருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வீட்டு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. மார்ச்சுக்குப் பிறகு நடந்த ஒன்றிரண்டும் ஊடே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வழக்கமான விவரங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் நம்மிடம் மாதவிடாய் நாப்கின் செய்யும் 29 யூனிட்டுகள் இருந்தன. மூன்று மூடிவிட்டன, ஒன்று புதிதாகச் சேர்ந்தது, இப்போது 27. செயற்குழு 11 முறை கூடியது. தீபாவளி மாதத்தில் ஆள் சேரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் மூலப்பொருளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இந்த ஆண்டு நாம் சண்டை போட்டதெல்லாம் அதற்காகத்தானே.

சண்டை தொடங்கியது போன பொதுக்குழுவில். கடைகளில் போட்ட சரக்கு திரும்பி வருகிறது, "இது என்னங்க தலகாணி மாதிரி இருக்கு" என்று காலேஜ் பெண்கள் கேட்கிறார்கள் என்று இளைய உறுப்பினர்கள் சொன்னார்கள். மில்லுக்குப் போகிறவர்களும் தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் தடியாக இருந்தால்தான் வாங்குகிறார்கள் என்று மூத்தவர்கள் சொன்னார்கள். இரண்டும் உண்மை. மெல்லிய நாப்கின் நம் கையால் செய்ய முடியுமா என்று பார்த்துச் சொல்லும்படி அன்று என்னிடம் ஒப்படைத்தீர்கள்.

நம் நாப்கினின் தடிமன் முழுக்க வுட் பல்ப், அதாவது மரக்கூழ். நம் கோவைக்காரர் அருணாசலம் முருகானந்தம் முதலில் பருத்திப் பஞ்சை வைத்துச் செய்து பார்த்ததும், கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து பார்த்ததும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. பெரிய கம்பெனிகள் உள்ளே வைப்பது பஞ்சு அல்ல, பைன் மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. 2016இல் பத்மஸ்ரீ வாங்கியவர். நம்மில் பாதிப் பேர் இன்றும் அவர் காட்டிய வழியில்தான் வேலை செய்கிறோம்: கூழை அரை, அச்சில் அழுத்து, மேலே துணி சுற்றி ஒட்டு, புற ஊதா விளக்கில் காட்டு.

பஞ்சு ஏன் தோற்றது, கூழ் ஏன் ஜெயித்தது என்று புது உறுப்பினர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பருத்தி நனைந்ததும் படுத்துவிடும். இழைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி மூடிக்கொள்ளும், அப்புறம் வருகிற திரவம் போக இடமில்லாமல் ஓரத்துக்கு ஓடும். பைன் கூழின் இழை கொஞ்சம் விறைப்பானது, நனைந்தாலும் இடைவெளியைத் தாங்கிப் பிடிக்கும். இந்தக் கூழில் பெரும்பகுதி அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வளரும் பைன் மரத்திலிருந்து வருகிறது. அதனால்தான் டாலர் ஏறினால் நம் ஊர் ஷெட்டில் விலை ஏறுகிறது. ஆனால் கூழுக்கு ஒரு குறை உண்டு. பிழிந்தால் விட்டுவிடும். உட்கார்ந்தாலும் குனிந்தாலும் பிழிகிற மாதிரிதானே. அந்த இடத்தில்தான் ஜெல் வருகிறது.

ஜெல் பவுடர் என்று நாம் சொல்லும் வெள்ளைச் சர்க்கரை மாதிரிப் பொருளின் பெயர் சோடியம் பாலிஅக்ரிலேட். இதன் மூதாதை மக்காச்சோள மாவில் பிறந்தது. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் சோள மாவுச்சத்தோடு வேறொரு வேதிப்பொருளைக் கோத்து, தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள் ஒன்றைச் செய்தார்கள். மண்ணில் ஈரம் காக்கக்கூட அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1970களின் கடைசியில் ஜப்பானில் அது நாப்கினுக்குள் போனது, பிறகு குழந்தை டயப்பருக்குள். தண்ணீரைப் பிடித்தால் விடாது, அழுத்தினாலும் பெரும்பகுதியை வைத்துக்கொள்ளும். மெல்லிய நாப்கினின் ரகசியம் அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் கூழைக் குறைத்து ஜெல்லைக் கூட்டினால் போதாதா என்று நானும் நினைத்தேன். ஜனவரியில் நம் சங்க அறையில் நடத்திய சோதனை நாளில் அந்த நினைப்பு உடைந்தது.

அன்று பத்து யூனிட்டுகள் தங்கள் நாப்கினைக் கொண்டு வந்தன. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 5405, 1980இல் வந்த வடிவில், 30 மில்லி திரவத்தை நிமிடத்துக்கு 15 மில்லி வீதம் நடுவில் விட வேண்டும், அடியிலும் ஓரத்திலும் தெரியக்கூடாது என்கிறது. வண்ணத் தண்ணீர், இல்லாவிட்டால் உறையாமல் பக்குவம் செய்த ஆட்டு ரத்தம். நாங்கள் இரண்டையும் வைத்தோம். ரத்தம் வாங்கி வந்த பொருளாளரிடம் "எந்தக் கோயிலுக்குங்க?" என்று கறிக்கடைக்காரர் கேட்டாராம். ஊசிக்குழாயில் மெதுவாக விட்டு, பிறகு ஒரு கிலோ எடைக்கல்லை ஒரு நிமிடம் வைத்து, மேலே டிஷ்யூ தாளை ஒற்றிப் பார்த்தோம்.

வெறும் தண்ணீரில் ஜெல் அதிகம் போட்ட நாப்கின் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ரத்தத்தில் அதே நாப்கின் ஓரத்தில் ஒழுகியது. காரணம் இதுதான். இந்தப் பவுடர் தூய தண்ணீரில் தன் எடையைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும். உப்பு கலந்தால் அது சில பத்து மடங்காகச் சுருங்கிவிடும். ரத்தத்தில் உப்பும் இருக்கிறது, புரதமும் செல்களும் இருக்கின்றன. அவை குருணையின் மேல் படிந்து வழியை அடைத்துவிடும். அதோடு குருணைகள் நெருக்கமாக இருந்தால் முதலில் ஊறியவை ஒன்றோடொன்று ஒட்டிச் சுவர் மாதிரி நிற்கும், உள்ளே இருப்பவை காய்ந்தே கிடக்கும். டிவி விளம்பரத்தில் நீலத் தண்ணீரை ஊற்றிக் காட்டுகிறார்களே, அதைப் பார்த்துவிட்டு நாமும் கடைக்காரர் முன்னால் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறோம். அதை நிறுத்தலாம் என்பது என் கருத்து. நமக்கே நாம் பொய் சொல்லிக்கொள்கிற சோதனை அது.

அன்று கற்றுக்கொண்ட இன்னொன்று, பவுடரைக் கூழோடு சேர்த்து மில்லில் அரைக்கக்கூடாது. நான்கு யூனிட்டுகளில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். நல்ல ரகப் பவுடரின் ஒவ்வொரு குருணைக்கும் கொஞ்சம் கெட்டியான ஓடு உண்டு. ஒட்டிக்கொண்டு அடைக்காமல் இருப்பதற்காகவே அதை அப்படிச் செய்கிறார்கள். மில்லில் போட்டால் ஓடு நொறுங்கிவிடும். கூடுதல் காசு கொடுத்து வாங்கியதை நாமே மலிவு ரகமாக்கிவிடுகிறோம். கூழை அரைத்து முடித்த பிறகு தூவுங்கள். அதைவிட, தூவுகிற வேலையே வேண்டாம் என்று ஜெல் ஷீட்டுக்குப் போய்விடலாம். இரண்டு மெல்லிய ஏர்லெய்ட் தாளுக்கு (கூழ் இழையைக் காற்றில் படியவைத்துச் செய்யும் தாள்) நடுவே பவுடரைச் சீராகப் பரப்பி ரோலாகத் தருகிறார்கள். வெட்டி வைத்தால் போதும். சோதனையில் முதலிடம் வந்த நாப்கின் முழு மெல்லியது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பழைய கூழில் பாதி, அதன் அடியில் ஒரு ஜெல் ஷீட். கூழ் சட்டென்று வாங்கிப் பரப்புகிறது, ஷீட் மெதுவாக இழுத்துப் பூட்டிக்கொள்கிறது. தடி, மெல்லிசு என்று நின்ற இரு கட்சிக்காரர்களும் அன்று கொஞ்சம் அமைதியானார்கள்.

ஒரு விபத்தையும் பதிவு செய்ய வேண்டும், பெயர் சொல்லவில்லை. அக்டோபர் மழையில் ஓர் உறுப்பினரின் ஷெட்டில் ஓடு ஒழுகி, வாய் கட்டாமல் வைத்திருந்த பவுடர் மூட்டை நனைந்தது. காலையில் போய்ப் பார்த்தால் மூட்டை இருந்த இடத்தில் நுங்கு மலை. வழித்து அள்ளவே இரண்டு நாள் ஆனது. தண்ணீர் ஊற்றிக் கழுவப் பார்த்ததில் இன்னும் பெருகியது. அந்த அக்காவே சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் நஷ்டம் நஷ்டம்தான். ஒழுகாவிட்டாலும் மழைக்காலக் காற்றின் ஈரத்திலேயே பவுடர் கட்டி தட்டும். மூடி போட்ட டிரம்மில் வையுங்கள்.

மேல் துணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவான ஸ்பன்பாண்ட் நான்-வோவன் (நெய்யாமல் இழைகளைப் பிணைத்துச் செய்த துணி) உரசும், சூடான காற்றால் பிணைத்த ரகம் மெத்தென்று இருக்கும், விலையும் அப்படி. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் ஷீட் உலர்ந்த மாதிரித் தோன்றும், ஆனால் நம் ஊர் வெயிலில் வியர்த்துப் புண்ணாகிறது என்று வாடிக்கையாளர்களே சொல்கிறார்கள். அதை விட்டுவிடலாம்.

அடி ஷீட்டில்தான் பெரிய விவகாரம். இப்போது நாம் போடுவது சாதாரண பாலித்தீன். இதில் இரண்டு புது வழிகள் வந்திருக்கின்றன. ஒன்று, பாலித்தீனில் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து இழுத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழச்செய்த ஷீட். ஆவி வெளியே போகும், திரவம் போகாது. இன்னொன்று, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற தாவரப் பிளாஸ்டிக் கலந்த, உரமாகக்கூடிய ஷீட். இதை வாங்கிப் போட்ட மூன்று யூனிட்டுகள் பாக்கெட்டில் "100% மக்கும்" என்று அச்சடித்துவிட்டன. நவம்பர் கூட்டத்தில் வாக்குவாதம் ராத்திரி எட்டு மணி வரை போனது உங்களுக்கு நினைவிருக்கும்.

என் நிலையை எழுத்திலும் வைக்கிறேன். அடி ஷீட் மக்கலாம். மேல் துணி பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை என்றால் அது மக்காது. ஒட்டும் கம் பெட்ரோலியத்திலிருந்து வந்தது, ஜெல் பவுடரும் அப்படியே. கம்மின் மேல் இருந்து உரித்தெடுக்கும் ரிலீஸ் பேப்பரில் சிலிக்கோன் பூச்சு. ஓர் அடுக்கு மக்குகிறது என்பதற்காக முழு நாப்கினும் மக்கும் என்று அச்சடிப்பது ஏமாற்று. பி.எல்.ஏ. ஷீட்டும் நம் வீட்டுக் குப்பைக்குழியில் லேசில் மக்காது, சூடான உரக்கூடம் வேண்டும். கோடையில் தகர ஷெட்டில் மாதக்கணக்கில் வைத்தால் அதுவே முறுகிப்போய் விரிசல் விடலாம். "ஆக்ஸோ மக்கும்" என்ற வகை வேறு இருக்கிறது. அது பாலித்தீனில் ஒரு சேர்மானம் போட்டுத் துண்டு துண்டாக உடையச் செய்வது. அந்த வகைப் பிளாஸ்டிக் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் தடை செய்துவிட்டது. மூன்று யூனிட்டுகளும் அச்சை மாற்ற ஒப்புக்கொண்டதற்கு நன்றி. பழைய பாக்கெட் ஸ்டாக்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டும் செலவில் பாதியைச் சங்கம் ஏற்றது.

முழுக்க இயற்கைப் பொருளில் செய்ய முடியாதா என்றால், முடியும். அகமதாபாத்தில் சாத்தி என்ற நிறுவனம் வாழைநாரில் செய்கிறது. ஆரோவில்லில் ஈகோ ஃபெம் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் செய்கிறது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சிசல் நாரைப் பதப்படுத்திப் பருத்தியைவிட அதிகம் உறிஞ்சும் பஞ்சாக்கிக் காட்டினார்கள். சிசல் வேறொன்றுமில்லை, நம் ஊர் ரயில் கற்றாழையின் சொந்தக்காரன்தான். வாழைத்தண்டை வாங்கி வந்து நாங்களும் முயன்றோம். நாரை உரித்து, காயவைத்து, நறுக்கி மில்லில் போட்டால் தேங்காய் நார் மாதிரிக் குத்துகிறது, தண்ணீர் பட்டால் மேலேயே நிற்கிறது. நாரில் இருக்கும் லிக்னின் என்ற பிசினை எடுத்தால்தான் மெதுவாகும், உறிஞ்சும். அதற்குக் காரமோ அமிலமோ போட்டு வேகவைக்க வேண்டும், அப்புறம் கழிவுநீரை எங்கே விடுவது? திருப்பூர்ப் பக்கம் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் மருத்துவ ஜவுளிப் பிரிவு இருக்கிறது, திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பக்குவம் செய்த கூழாகவே வாங்க வழி உண்டா என்று இரண்டு இடத்துக்கும் எழுதத் தீர்மானித்திருக்கிறோம்.

வரி விஷயம் பழைய புண். 2018 ஜூலையில் நாப்கினுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து பூஜ்யமானது. வாங்குகிறவர்களுக்கு நல்லது, நாமும்தான் கேட்டோம். ஆனால் விற்பனைக்கு வரி இல்லை என்றால் கம்முக்கும் ஷீட்டுக்கும் நாம் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அது விலையிலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இன்னொரு பக்கம் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் 2019 முதல் ஒரு நாப்கின் ஒரு ரூபாய். அந்த விலையோடு நாம் போட்டி போடவே முடியாது, போடவும் வேண்டாம். தரநிலை 2019இல் திருத்தப்பட்டு, கிருமிச் சோதனை, தோல் எரிச்சல் சோதனை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. சோதனை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2022இல் டாக்சிக்ஸ் லிங்க் என்ற டெல்லி அமைப்பு கடைகளில் வாங்கிய நாப்கின்களில் தாலேட் (பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்ப்பது) முதலான வேதிப்பொருட்கள் இருப்பதாகச் சொன்ன பிறகு, வாடிக்கையாளர்களே கம் என்ன, மை என்ன என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் ஒரு பெரிய கம்பெனிக்கும் ஆறு பெண்கள் வேலை செய்யும் ஷெட்டுக்கும் சோதனைக் கட்டணம் ஒன்றே என்றால் நமக்குத் தாங்காது. ஒரே மூலப்பொருளை வாங்குகிற யூனிட்டுகள் சேர்ந்து பொதுச் சோதனை செய்துகொள்ள வழி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

கடைசியாக டயப்பர். இந்த மாதம் 22ஆம் தேதி முதல் டயப்பருக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு டயப்பர் செய்து தரமுடியுமா என்று இரண்டு முதியோர் இல்லங்களில் கேட்டிருக்கிறார்கள். பொருளைப் பொறுத்தவரை இது நமக்கு எளிது, சிறுநீர் ரத்தத்தைவிட ஜெல்லுக்கு ஒத்துப்போகும். கஷ்டம் தொடை ஓரத்து எலாஸ்டிக்கில் இருக்கிறது, அதை நம் இயந்திரத்தில் செய்ய முடியாது. எலாஸ்டிக் இல்லாத, உள்ளாடைக்குள் வைக்கும் பெரிய பேடும், படுக்கையில் விரிக்கும் ஷீட்டும் செய்யலாம். விருப்பமுள்ள யூனிட்டுகள் பெயர் கொடுங்கள், அடுத்த மாதம் மாதிரி செய்து பார்ப்போம்.

இனி மூன்று தீர்மானங்கள் பொதுக்குழு முன் இருக்கின்றன. ஜெல் ஷீட்டையும் மேல் துணியையும் சங்கம் மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுப்பது. சோதனை நாளை ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துவது (ரத்தம் வாங்கும் பொறுப்பு இந்த முறை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் பொருளாளர்). எல்லா அடுக்குக்கும் சான்று இல்லாமல் "மக்கும்" என்ற சொல்லைப் பாக்கெட்டில் போடுவதில்லை என்பது. ஒன்பது யூனிட்டுகளின் சந்தா பாக்கி இருக்கிறது, சாப்பாட்டுக்கு முன் கட்டிவிட்டால் ரசீது இன்றே தரப்படும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்