கயாக்குக்கு இப்போதைக்கு ஒரு கம்பு போதும்

ஆஸ்டின்,
மார்ச் 8

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. கயாக்கில் உட்கார்ந்து பாஸ் மீன் பிடிக்க எந்தத் தூண்டில் கம்பு வாங்கலாம் என்று நீ கேட்டிருந்தது தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால், உட்கார்ந்து எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன். பிளேனோவுக்கு வீடு மாறி, மகளைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டு, வெறுமையாகிப் போன சனிக்கிழமைகளை என்ன செய்வது என்று யோசித்த மனிதன் முதலில் வாங்கியது துடுப்புப் போடுகிற பத்தடிக் கயாக் படகு என்று படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். குறுக்குத்துறையில் மூங்கில் கம்பும் தங்கூசியும் மயிலிறகுத் தக்கையுமாக மாலை முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டில் வாங்கிய அடியைப் பங்கு போட்டுக்கொண்ட நாம் இருவரும், ஐம்பது வயதில் டெக்சாஸில் அதே வேலையைத் தொடங்குகிறோம்.

கடையில் சுவர் முழுக்க நின்ற கம்புகளைப் பார்த்து மலைத்துப்போய், வெறுங்கையோடு திரும்பி வந்ததாக எழுதியிருந்தாய். நல்ல வேலை செய்தாய். நான் முதன்முதலில் போனபோது அப்படித் திரும்பவில்லை. 'பாஸ் மீனுக்குப் பெரியதாக வாங்குங்கள்' என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி, ஏழரை அடி நீளத்தில் 'ஹெவி' என்று அச்சிட்ட ஒரு கம்பை வாங்கி வந்தேன். ஐந்து கிராம் எடையுள்ள இரையைக் கட்டி வீசினால் அந்தக் கம்பு சற்றும் வளையாது. கம்பு வளைந்து நிமிர்கிற விசைதான் இரையைத் தூக்கி எறிகிறது என்பதால், என் இரை படகுக்குப் பத்தடி தள்ளி விழுந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு கோடை முழுவதும் கை சரியில்லை என்றே நினைத்திருந்தேன்.

ஆகவே என் யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏழடி நீளம், 'மீடியம்' வலு, 'ஃபாஸ்ட்' வளைவு உள்ள ஸ்பின்னிங் கம்பு ஒன்றும், அதற்கு நூல் சுற்றிவைக்க 2500 அளவுள்ள ஸ்பின்னிங் ரீல் ஒன்றும் வாங்கிக்கொள். இரண்டாவது கம்பைப் பற்றி இரண்டு மாதம் கழித்துப் பேசலாம்.

கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் இதெல்லாம் அச்சிட்டிருக்கும். வலு என்பது கம்பை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. வளைவு என்பது கம்பு எந்த இடத்திலிருந்து வளையத் தொடங்குகிறது என்பது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழம்பாதவர்கள் குறைவு. 'ஃபாஸ்ட்' என்றால் நுனிப்பகுதி மட்டும் வளைந்து, கீழ்ப்பாதி விறைப்பாக நிற்கும். அதனால் மீன் தொடுகிற மெல்லிய தட்டலும் கைக்குத் தெரியும், தூண்டில் முள்ளை மீன் வாயில் ஏற்றும்போது விசையும் வீணாகாது. பக்கத்திலேயே எத்தனை அவுன்ஸ் இரைக்கு அது ஏற்றது என்றும் போட்டிருக்கும். எட்டில் ஒரு பங்கிலிருந்து எட்டில் ஐந்து பங்கு அவுன்ஸ் வரை, அதாவது ஏறக்குறைய மூன்றரை கிராமிலிருந்து பதினெட்டு கிராம் வரை என்று எழுதியிருந்தால், தொடக்கத்தில் நீ வீசப்போகிற அனைத்தும் அதற்குள் அடங்கிவிடும்.

இந்த மீனின் குணத்தை நம் ஊர் விராலை வைத்து நினைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும். லார்ஜ்மௌத் பாஸும் திறந்த நீரில் அலைகிற மீனில்லை. பாசிக்குள்ளும் மூழ்கிய மரத்தின் நிழலிலும் பதுங்கியிருந்து, எதிரே வருவதன் மேல் பாய்கிற சாதி. விராலுக்குத் தவளையைக் கட்டுவது போலவே இதற்கும் ரப்பர்த் தவளையை பாசிமேல் இழுக்கிறார்கள். நீ எதை வீசினாலும் அதை ஒரு மறைவின் ஓரத்தில் மெதுவாக இறக்க வேண்டியிருக்கும் என்பதால், தூரத்தைவிடக் குறிதான் முக்கியம். கயாக்கில் சத்தமில்லாமல் முப்பதடி வரை நெருங்கிவிடலாம். கரையில் நிற்பவனுக்குத் தேவைப்படுகிற நீண்ட வீச்சு நமக்குத் தேவையே இல்லை.

கம்பின் நீளத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். உன்னுடைய பத்தடிக் கயாக்கில் இருக்கை நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளியிருக்கும். ஆக படகின் மூக்கு உனக்கு முன்னால் ஐந்தரை அடியில் இருக்கிறது. முள்ளில் மாட்டிய மீன் பெரும்பாலும் படகுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போகும். அப்போது கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மூக்கைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கம் திருப்ப வேண்டும். ஆறடிக் கம்பாயிருந்தால் உடம்பை வளைத்து எட்ட வேண்டியிருக்கும். ஏழடி உட்கார்ந்தபடியே சுற்றிவிடும். ஏழரை அடியில் வேறொரு தொல்லை: மீனைப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகு நுனி தலைக்குப் பின்னால் எங்கோ போய்விடும், மீனோ கைக்கு எட்டாமல் ஓரடி தள்ளி வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

நீளத்தைவிட யாரும் சொல்லாத ஒன்று கைப்பிடி. ரீல் உட்காரும் இடத்துக்குப் பின்னால் நீளுகிற பகுதி உன் முழங்கையைத் தாண்டக் கூடாது. நின்றுகொண்டு வீசுபவருக்கு நீண்ட பிடி வசதி; இரண்டு கையும் கொடுத்து வீசலாம். நாம் தாழ்ந்த இருக்கையில், மார்பில் தடித்த உயிர்காப்பு அங்கியோடு உட்கார்ந்திருக்கிறோம். பிடி நீளமாக இருந்தால் ஒவ்வொரு வீச்சிலும் அங்கியின் விளிம்பில் முட்டும். முட்டிய வீச்சு மரத்தில்தான் போய் விழும். அதற்காக அங்கியைக் கழற்றி வைக்கலாமே என்று நினைத்துவிடாதே. கம்பை மாற்றிக்கொள்.

முள்ளை ஏற்றுவதிலும் கயாக் நம்மை ஏமாற்றும். தரையில் நிற்கிறவன் கம்பைச் சுண்டி இழுத்தால் விசை முழுவதும் மீனின் தாடைக்குப் போகும். நீ இழுத்தால் படகு மீனை நோக்கி நகரும். பாதி விசை அதிலேயே கரைந்துவிடும். முதலில் தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு, கம்பைத் தலைக்கு மேல் தூக்காமல் பக்கவாட்டில் வீசி இழு. மறுபுறம் இதில் ஓர் ஆதாயமும் உண்டு: பெரிய மீன் மாட்டினால் படகையே இழுத்துக்கொண்டு போகும், அதனால் நூல் அறுவது குறைவு. டிராக்கை, அதாவது மீன் பலமாக இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கிற ரீலின் பிரேக்கை, நூலின் தாங்குதிறனில் கால் பங்குக்கு வைத்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வது நமக்கு அதனாலேயே நன்றாகப் பொருந்துகிறது.

ரீலில் ஸ்பின்னிங் ஏன் என்று கேட்பாய். அதில் சுருள் அசையாமல் நிற்க, நூல் மட்டும் வளையம் வளையமாக உதிர்ந்து போகிறது. இலேசான இரையும் போகும், எதிர்க்காற்றிலும் போகும். பெய்ட்காஸ்டர் என்கிற இன்னொரு வகை ரீலில் சுருளே சுழல வேண்டும். இரை காற்றில் வேகம் குறைந்த பிறகும் சுருள் அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால், போக இடமில்லாத நூல் உள்ளுக்குள்ளேயே குமிந்து குருவிக்கூடாகிவிடும். அந்த ஒரு கணத்தில் கட்டைவிரலால் தடவி நிறுத்துகிற பழக்கம் வரவேண்டும். வசந்த காலத்தில் உங்கள் பக்கம் அடிக்கிற தெற்குக் காற்றில், ஆடுகிற இருக்கையில் உட்கார்ந்து, நனைந்த விரல்களால் குருவிக்கூட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது படகு தானாகவே முட்புதருக்குள் போய்விடும். நான் போயிருக்கிறேன்.

நூலுக்குப் பத்து பவுண்டு தாங்குகிற பிரெய்ட், அதாவது பின்னல் நூல், சுற்றிக்கொள். அதன் தடிமன் இரண்டு பவுண்டுத் தங்கூசி அளவுதான். ஆனால் பிரெய்ட்டை வழுவழுப்பான சுருளில் நேரடியாகக் கட்டினால் மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும். அடியில் கொஞ்சம் சாதாரணத் தங்கூசியைச் சுற்றி, அதன்மேல் பிரெய்ட்டை முடிய வேண்டும். முன்னால் நான்கைந்து அடிக்கு எட்டு பவுண்டு ஃபுளூரோகார்பன் நூல். அது தண்ணீரில் எளிதில் தெரியாது, கல்லில் உரசினாலும் சட்டென்று அறாது. ரே ராபர்ட்ஸ் ஏரியில் ஸீப்ரா மஸ்ஸல் என்கிற சிறு சிப்பி பாறையெங்கும் ஒட்டியிருக்கிறது. பிரெய்ட் அதில் பட்டால் கத்தி பட்டது போலத்தான். அந்தச் சிப்பி வேறு ஏரிக்குப் பரவாமலிருக்க, ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகிலுள்ள தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம், கயாக்குக்கும் உண்டு. வீசி முடித்ததும் ரீலின் கம்பி வளையத்தைக் கைப்பிடியைச் சுற்றி மூடாமல் கையாலேயே மூடு. நூல் முறுக்கிக்கொள்வது குறையும்.

இரைகளுக்கு அதிகம் செலவழிக்காதே. ஐந்து அங்குல சென்கோ ஒரு பொட்டலமும் முட்களும் போதும். பார்க்க வெறும் ரப்பர்க் குச்சி. ஏறக்குறைய பத்து கிராம் எடை அதற்கே இருப்பதால் ஈயம் கட்ட வேண்டியதில்லை. நடுவில் முள்ளைக் குத்தி விட்டால் இரண்டு முனையும் துடித்துக்கொண்டே கீழே இறங்கும். முள் வெளியே தெரிவதால் மேலே சொன்ன ஏற்றுகிற சிரமமும் இல்லை. கம்பும் ரீலும் சேர்த்து நூறு டாலருக்குள் அடங்க வேண்டும். எனக்கு அக்லி ஸ்டிக் பிடிக்கும். 1976 முதல் வருகிற கம்பு, கொஞ்சம் கனம், ஆனால் காரின் கதவில் நசுங்கினாலும் துடுப்பில் அடிபட்டாலும் தாங்கும். விலையுயர்ந்த கிராஃபைட் கம்பு ஒரு சின்ன அடியை வாங்கிக்கொண்டு ஒரு மாதம் கழித்து மீன் இருக்கும்போது முறியும்.

'ஒன்று போதுமா, மற்றவர்கள் படகில் ஆறேழு நிற்கிறதே' என்று நீ கேட்பது காதில் விழுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் நானும் நான்கு கம்புகளைப் பின்னால் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு இங்கே ஆஸ்டினில் லேடி பர்ட் ஏரியில் பார்ட்டன் ஓடை கலக்கிற இடத்துக்குப் போனேன். பெட்ரோல் மோட்டார் படகுகளுக்கு அனுமதி இல்லாத ஏரி. துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும். கரையோரச் சைப்ரஸ் மரத்தின் கிளைக்கு அடியில் நுழைந்தபோது எனக்கு முதுகில் கண் இல்லை. 'சடக்' என்று ஒரு சத்தம். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. திரும்பினால் இரண்டு கம்புகள் இல்லை. கம்பு மிதக்காது என்று எனக்குத் தெரியும், ஆனால் அது அத்தனை அமைதியாக, ஒரு குமிழிகூட விடாமல் இறங்கும் என்று தெரியாது. ஒரு கம்பை முக்கால் மணி நேரம் முள்ளால் துழாவி எடுத்தேன். மற்றொன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு கம்புக்கும் ஒரு கயிறு. துடுப்புப் போடும்போது கம்பைப் படுக்க வைப்பது.

ஒரு கம்பு போதும் என்பதற்கு உலக சாதனையே சாட்சி. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அதைச் சமன் செய்தார். தெளிவாக மிஞ்ச இதுவரை யாருமில்லை. பெர்ரியும் அவருடைய நண்பரும் அன்று ஒரே கம்பை மாற்றி மாற்றி வீசினார்கள், அவர்களிடம் இருந்ததும் ஒரே இரைதான் என்று சொல்வார்கள். 'பிடித்த மீனைத் திரும்ப ஏன் தண்ணீரில் விடுகிறீர்கள்' என்று தங்கச்சி கேட்டதாக எழுதியிருந்தாயே, பெர்ரி வீட்டில் அந்த உலக சாதனையைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்.

இரண்டாவது கம்பு வாங்குகிற நாள் வரும்போது அது ஏழடி 'மீடியம் ஹெவி' பெய்ட்காஸ்டர், முப்பது பவுண்டு பிரெய்ட். உனக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும் ஃபோர்க் ஏரிக்கு அது வேண்டும். 1980இல் அணை கட்டி நிரப்பியபோது மரங்களை வெட்டாமல் விட்டதால் தண்ணீருக்குள் ஒரு காடே நிற்கிறது. மாநில சாதனையான 18.18 பவுண்டு மீன் 1992இல் அங்கேதான் கிடைத்தது. பத்து பவுண்டு நூலில் அந்த மரங்களுக்கிடையிலிருந்து ஒரு பெரிய மீனைத் திருப்ப முடியாது. அங்கே 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை விட்டுவிட வேண்டும் என்பதையும் நினைவில் வை. ஆனால் அந்த ஏரி பெரியது, காற்று எழும்பினால் கயாக்கில் கரைக்கு வருவது பாடு. முதல் சில வாரங்களுக்குச் சிறிய பூங்காக் குளங்களே நல்லது. உரிமம் வாங்கினாயா? சாதாரண ஆண்டு உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31உடன் முடிந்துவிடும்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது; ஊரிலிருந்து வீடியோவில் பேசும்போது என் கம்புகளைப் பார்த்துவிட்டு 'இன்னுமாடா இந்தப் புத்தி' என்கிறாள்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் அங்கே வருகிறேன், வரும்போது உனக்கான கம்பையும் வாங்கி வந்துவிடுகிறேன். அதற்கு முன் ஒரு வேலை செய். கயாக்கை கராஜ் தரையில் வைத்து, அங்கியைப் போட்டு இறுக்கி, உள்ளே உட்கார்ந்துகொள். ஒரு துடைப்பக் கம்பை வீசப்போவது போல் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை நடுவிலிருந்து அங்கியில் முட்டாமல் பின்னால் எத்தனை அங்குலம் நீளலாம் என்று தங்கச்சியை அளக்கச் சொல். அந்த எண்ணை மட்டும் எனக்கு எழுதி அனுப்பு. அவர் சிரிப்பதை எழுத வேண்டாம், எனக்குத் தெரியும்.

உன்,
கணேசன்