அரம் பிடித்தால் அலகு கெட்டதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கையால் அடித்த கத்திகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் இரண்டு திருத்தங்கள் தேவை. கண்ணாடியைக் கீறினால் நல்ல அலகு என்கிறது அது. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 57-ஐயும் 62-ஐயும் கண்ணாடிக் கீறலை வைத்துப் பிரித்தறிய முடியாது. சமையல் கத்தியில் அந்த ஐந்து புள்ளிதான் எல்லாமே.

அடுத்தது, காய்ச்சி எண்ணெயில் தோய்த்த அலகில் அரம் பிடித்தால் மறுபடி நெருப்பில் போடச் சொல்வது. இதுதான் நல்ல அலகுகளைக் கெடுக்கிறது. உலையில் காய்ந்த எஃகின் மேற்தோலில் கரி (கார்பன்) எரிந்து போயிருக்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தடிமனுக்கு அது மென்மையாகவே இருக்கும். அரம் கடிப்பது அந்தத் தோலைத்தான். தண்ணீர் தொட்டுத் தொட்டு அதைத் தேய்த்தெடுத்துவிட்டு, அதே இடத்தில் அழுத்தாமல் அரத்தை ஓட்டிப் பாருங்கள். வழுக்கினால் தோய்ச்சல் சரி. அப்போதும் கடித்தால் சூடு போதாமல் இருந்திருக்கும், அல்லது எண்ணெய் மெதுவாகக் குளிர்விப்பதாக இருந்திருக்கும். காந்தம் ஒட்டாமல் போனதும் சூடு போதும் என்று நினைக்கக்கூடாது, அது நடப்பது 770 டிகிரியில். சாதாரண உயர்கரி எஃகுக்கு 800 முதல் 815 வரை வேண்டும். காரணம் பார்க்காமல் திரும்பக் காய்ச்சினால் இன்னும் கரி போகும், எஃகின் உள்மணி (படிகத் துகள்) பருக்கும், அலகு கோணும்.

இந்தச் சோதனை டெம்பர் செய்வதற்கு, அதாவது தோய்த்த அலகை மிதமாகச் சூடாக்கி அதன் நொறுங்கும் தன்மையைக் குறைப்பதற்கு, முன்பு மட்டுமே. 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை வைத்தபின் அலகு ராக்வெல் 60-க்கு அருகில் இறங்கியிருக்கும். அரம் அதைவிடக் கடினம், ஆகவே கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும். அது குறையல்ல.

ராக்வெல் எந்திரத்தில் ஒரு புள்ளி என்பது வைர முனை இறங்கும் ஆழத்தில் 0.002 மி.மீ. அலகின் அடியில் ஒட்டிய செதில் 0.01 மி.மீ. அமுங்கினாலே ஐந்து புள்ளி குறைத்துக் காட்டும். சரிவான பக்கத்தில் குத்தினாலும் குறைவாகவே வரும். அதனால் சரிவு தேய்ப்பதற்கு முன், இருபுறமும் தட்டையாக்கிய இடத்தில் அளக்க வேண்டும். தடிமன் பள்ளத்தின் ஆழத்தைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். 60-க்கு அது 0.8 மி.மீ. எந்திரத்தை முதலில் கடினம் தெரிந்த சோதனைக் கட்டியில் சரிபார்த்து, மூன்று இடங்களில் குத்துங்கள். பள்ளம் கண்ணில் படக்கூடாதென்று கைப்பிடிக்குள் போகும் வாலில் குத்துவார்கள். பல அலகுகளில் வாலை வேண்டுமென்றே மென்மையாக விட்டிருப்பார்கள், அந்த எண்ணால் பயனில்லை.

தீட்டிய விளிம்புக்கு எந்திரம் உதவாது. 6 மி.மீ. பித்தளைக் கம்பியைப் படுக்கவைத்து, விளிம்பை ஏறக்குறைய 15 டிகிரியில் சாய்த்து மெல்ல அழுத்தி இழுங்கள். வெளிச்சத்தில் விளிம்பு லேசாகப் புடைத்துத் திரும்பினால் நல்லது. வளைந்தே நின்றால் எஃகு மென்மை, சில்லு தெறித்தால் டெம்பர் போதவில்லை. விளிம்பு மிக மெல்லியதானால் நல்ல எஃகும் வளையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு விரற்கடை நீளம் மட்டும் வளைந்து நின்றால், தேய்க்கும்போது அந்த இடம் சூடேறி நீலம் பாய்ந்திருக்கும். மேலே 60 காட்டிய கத்தி அங்கே 60 அல்ல.

கட்டுரையின் பட்டியலில் கத்திகளுக்குக் கொடுத்த எண்களுக்குப் பக்கத்தில், அலகில் எந்த இடத்தில் அளந்தது என்பதையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கத்தி செய்யும் வாசகர்கள் சிலர்