எடைக்குப் போடுமுன் பின்மூடியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இனி இந்த லேப்டாப் உதவாது’ என்று சொல்லி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை எடைக்குப் போடுவதும், எக்ஸ்சேஞ்ச் விலைக்குத் தள்ளிவிடுவதும் ஊரெங்கும் நடக்கிறது. விற்பனைக் கடைக்காரர்கள் மறுத்துச் சொல்வதில்லை. புதியது போனால்தானே அவர்களுக்குக் காசு.

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது மாதாமாதம் இலவசமாக வந்த பாதுகாப்புத் திருத்தங்களை. கணினியை அல்ல. ஆனால் அதனால் ஒன்றும் ஆகாது என்பதும் தவறு. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் இனி அடைபடாமல் கிடக்கும். வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டியும் பார்க்கும் கணினியை அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

‘விண்டோஸ் 11 ஏறாது’ என்று திரையில் வந்தால் அதையே தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் டிபிஎம்.எம்எஸ்சி (tpm.msc) என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கிறதா என்று அது காட்டும். பதிப்பு 2.0 என்று காட்டினால் அந்தத் தடை இல்லை. ‘கிடைக்கவில்லை’ என்று காட்டினாலும் பல நேரங்களில் அது பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரலில்) அணைந்து கிடக்கிறது என்றே பொருள். இன்டெல் கணினியில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும். அதை ஆன் செய்தால் போதும்.

அடுத்த தடை, பயாஸ் ‘லெகஸி’ என்ற பழைய முறையில் இருப்பது. இதை விண்டோஸ் 11 கேட்கும் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றும் முன், டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் அமைப்பை எம்பிஆர் என்ற பழையதிலிருந்து ஜிபிடி என்ற புதியதற்கு மாற்ற வேண்டும். அதற்கான எம்பிஆர்2ஜிபிடி (mbr2gpt) என்ற கட்டளை விண்டோஸ் 10க்குள்ளேயே இருக்கிறது. டேட்டா அழியாது, ஆனாலும் பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் முதலில் நிறுத்திவைக்க வேண்டும். டிஸ்க்கை மாற்றிவிட்டு பயாஸை மாற்ற மறந்தால் கணினி பூட் ஆகாது. நம் ஊரில் இந்தக் கட்டளை தோற்பதற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு. சி டிரைவோடு டி, இ, எஃப் என்று நான்கைந்தாகப் பிரித்துக் கொடுப்பது கடைகளின் பழக்கம். அவை எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் என்ற ஒரே பெரிய பிரிவுக்குள் இருந்தால் எம்பிஆர்2ஜிபிடி மறுத்துவிடும். உள்ளதை வேறிடத்துக்கு நகலெடுத்து அந்தப் பிரிவுகளை நீக்கிய பிறகே வேலை நடக்கும்.

உண்மையான சுவர் பிராசஸர் பட்டியல்தான். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை. அதற்குக் கீழே உள்ளவை வெளியே. பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள். விண்டோஸ் 11 நினைவகத்தைக் காக்கும் முறையை வேகம் குறையாமல் நடத்த உதவும் வசதி ஒன்று சில்லிலேயே உண்டு. இன்டெல்லில் அது ஏழாம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. ஏஎம்டியில் ஜென் 2 கட்டமைப்பில்தான் வந்தது. ஆனால் வசதி உள்ள ஏழாம் தலைமுறை இன்டெல் வெளியே நிற்கிறது, வசதி இல்லாத ரைசன் 2000 உள்ளே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. 2021 ஆகஸ்டில் பட்டியலைத் திருத்தியபோது ஏழாம் தலைமுறையில் ஒருசில சில்லுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று ஐ7-7820எச்க்யூ. மைக்ரோசாஃப்டே தயாரித்து விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணினிக்குள் இருப்பது அதே சில்லு. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ரூஃபஸ் போன்ற மென்பொருளால் தடையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறோம் என்று சிலர் பணம் வாங்குகிறார்கள். ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் இப்படிப்பட்ட கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் அளிக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பைக் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும். கோர் 2 டியோ என்ற பழைய இன்டெல் சில்லு காலத்துக் கணினிகளில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது. அதற்குத் தேவையான கட்டளைகள் அந்தச் சில்லில் இல்லை. சொந்தக் கணினியில் விளையாடிப் பார்க்கலாம். அலுவலகக் கணினிக்கு இந்த வேலை வேண்டாம்.

அவசரப்படத் தேவையில்லாத வழி ஒன்று இருந்தும் அது பலருக்குத் தெரியவில்லை. விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளலாம். அதே பெட்டியில் வின்வெர் (winver) என்று தட்டினால் 22எச்2 பதிப்பு என்று காட்ட வேண்டும். பிறகு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவுசெய்யும் இணைப்பு இருக்கும். 30 டாலர் கட்டலாம். கட்டாமல், கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஒத்திசைக்க ஒப்புக்கொண்டும் இலவசமாகப் பெறலாம். எப்படியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். லோக்கல் கணக்கில் மட்டும் வேலைசெய்பவர்களுக்கு அந்த இணைப்பு தெரிந்தும் பதிவு முடியாமல் நிற்பது இதனால்தான்.

‘பழசு, ரொம்ப ஸ்லோ’ என்ற குறைக்கும் விண்டோஸ் பதிப்புக்கும் தொடர்பு குறைவு. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓடினால், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதத்திலேயே நிற்கும். 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று போட்டால் அது தீர்ந்துவிடும். பழைய லேப்டாப்பில் 2.5 அங்குல டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர்தான். பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் ஆடாமல் உட்காரும். எம்.2 என்ற சிறிய அட்டை வடிவ எஸ்எஸ்டி வாங்குபவர்கள் அது சாட்டா வகையா என்விஎம்இ வகையா என்று பார்க்காமல் வாங்கி, சென்னையின் கணினிப் பாகச் சந்தையான ரிச்சி தெருவுக்குத் திரும்ப நடக்கிறார்கள். இரண்டும் ஒரே நீளத்தில் இருந்தாலும் ஒன்றுக்கான இடத்தில் மற்றது வேலைசெய்யாமல் போகலாம். விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாற்றினால் போய்விடாது, புதிதாக ‘கீ’ வாங்கச் சொன்னால் நம்ப வேண்டாம்.

ராம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குவது நல்லது. டிடிஆர்3 காலத்தில் 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு உண்டு. 1.35 மட்டுமே ஏற்கும் போர்டில் 1.5 வோல்ட் ராமைச் செருகினால் திரையே வராது. ராம் போர்டிலேயே பற்றவைத்த மாடலாக இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. வேறு எதையும் யோசிக்காமல் அதை முதலில் மாற்றுங்கள்.

எல்லா இணையதளமும் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டுவதாகச் சொல்லி வரும் கணினிகளில் பல, தேதி பின்னோக்கிப் போனவை. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்தால், மின்சாரம் இல்லாதபோது கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விடும். தளங்களின் சான்றிதழ்த் தேதி அதோடு ஒத்துப்போகாது. சில பத்து ரூபாய் வேலை. இதற்காகவும் கணினிகள் எடைக்குப் போயிருக்கின்றன.

நீட்டித்த காலமும் முடிந்த பிறகு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் இருக்கிறது. லினக்ஸ் மின்ட் 22இன் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ வகை 4 ஜிபி ராமில் தாராளமாக ஓடும். 2029 வரை திருத்தங்கள் உண்டு. 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டி வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் சோதித்துவிட்டு முடிவெடுக்கலாம். விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ் 99 இருக்கிறது. எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். டேலி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவோடு வேலைசெய்யும் டிடிபி கடை ஆகியவற்றுக்கு விண்டோஸ்தான். நம் அலுவலகங்களில் இன்னும் உழைக்கும் கேனான் எல்பிபி2900 பிரிண்டரை லினக்ஸில் ஓடவைப்பதும் பெரும்பாடு. எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் மல்லுக்கட்டுவதில்லை.

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கணினி பெற்றார்கள். இன்னும் ஓடுகிறவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 11 பட்டியலுக்கு வெளியே உள்ளவை. எஸ்எஸ்டியும் லினக்ஸும் போட்டால் தம்பி தங்கைகள் படிக்க அவை போதும். கல்லூரிகளின் கணினித் துறைகள் வார இறுதிகளில் இதைச் செய்துகொடுக்கலாம்.

பால் பாக்கெட்டில்கூடத் தேதி அச்சிடுகிறோம். முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் லேப்டாப் பெட்டியில் திருத்தங்கள் எந்த நாள் வரை வரும் என்று ஒரு வரி இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் கைபேசி போன்ற இணையக் கருவிகளுக்கு அந்தக் காலத்தைச் சொல்லித்தான் விற்க வேண்டும். லேப்டாப்புக்கு அங்கேயும் விலக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் கைபேசிக்கு, கடைசிக் கருவி சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுத் திருத்தம் கட்டாயம். நம் ஒன்றிய நுகர்வோர் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்தது. பழுதுநீக்கத் தகுதிக் குறியீடு பற்றிய அறிக்கையும் 2025 மே மாதம் வந்துவிட்டது. மென்பொருள் திருத்தமும் அதில் ஓர் அளவுகோல். அதை லேப்டாப்புக்கும் சேர்த்துக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை மாநில அரசு காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி வாங்கும் டெண்டரில் மூன்று நிபந்தனைகள் சேர்த்தால் போதும்: திருத்தங்கள் முடியும் தேதி எழுத்தில் வேண்டும், ராமும் டிஸ்க்கும் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், பேட்டரி ஏழு ஆண்டுக்குக் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
கரூர்.