ஆண்டறிக்கை: தனியலைக்குச் சரித்தீர்வு தேடிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் கணித வட்டத்தின் கூட்டங்கள் இவ்வாண்டும் மாதந்தோறும் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டு முழுவதும் நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே: ஆழமற்ற நீரில் செல்லும் அலைக்காக 1895-இல் டச்சுக் கணிதவியலாளர்கள் கோர்ட்டவெக், தெ விரீஸ் இருவரும் வகுத்த நேரியலற்ற சமன்பாட்டுக்குச் சரித்தீர்வு, அதாவது தோராயமின்றிச் சூத்திரமாகவே அமையும் தீர்வு, காண்பது.

1834 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில், குதிரைகள் இழுத்து வந்த படகு சட்டென்று நின்றபோது, முன்னே குவிந்த நீர் ஒரே மேடாகத் திரண்டு உருக்குலையாமல் ஓடியதையும், பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரை மீதிருந்து அதை ஒன்றிரண்டு மைல் பின்தொடர்ந்ததையும் முதல் கூட்டத்தில் படித்தோம். அலையின் முன்புறத்தைச் செங்குத்தாக்க முனையும் நேரியலற்ற உறுப்பும், அலையைச் சிதறவிடும் மூன்றாம் வகைக்கெழுவும் ஒன்றையொன்று சரிக்கட்டுவதாலேயே தனியலை எனப்படும் அந்த மேடு நிலைக்கிறது.

அடுத்த கூட்டங்களில் இடத்தையும் காலத்தையும் ஒரே மாறியாக இணைத்து, இருமுறை தொகையிட்டோம். வெகுதொலைவில் நீர் சமமாக இருப்பதால் தொகையிடல் மாறிலிகள் சுழியாகின்றன. நாம் எடுத்துக்கொண்ட வடிவில், சாய்வின் வர்க்கமானது, உயரத்தின் வர்க்கத்தை 'வேகம் கழித்தல் இருமடங்கு உயரம்' என்பதால் பெருக்கி வருவதற்குச் சமம் என்று கரும்பலகையில் நின்றது. முகட்டில் சாய்வு இல்லை; எனவே உயரம் வேகத்தில் பாதி. விடையாகிய, நடுவில் உயர்ந்து இருபுறமும் தணியும் அதிபரவளைய சீகெண்ட் (sech) சார்பின் வர்க்கத்தை எட்டும் முன்பே, உயர்ந்த அலையே விரைந்து செல்லும் என்பதை அந்த ஒரு வரியில் கண்டோம். இவ்வாண்டில் என் மனத்தில் பதிந்த வேளை அதுவே.

மார்ச் மாதம், அதிபரவளைய டேன்ஜென்ட்டையும் (tanh) கோடேன்ஜென்ட்டையும் (coth) கூட்டி அமைத்த ஒரு தீர்வைப் புதியதென்று நம்பி நான் முன்வைத்தேன். அந்தக் கூட்டுத்தொகை, மாறியை இரட்டித்த கோடேன்ஜென்ட்டின் இருமடங்கே என்று மூத்த உறுப்பினர் ஒருவர் இரண்டு வரிகளில் காட்டினார். அதோடு, அத்தீர்வில் ஓரிடத்தில் நீர்மட்டம் முடிவிலி ஆழத்துக்கு இறங்குகிறது. எந்தக் கால்வாயிலும் அப்படி நடவாது. இத்தகைய தவறுகளை ரஷ்யக் கணிதவியலாளர் நிக்கொலாய் குத்ரியாஷோவ் 2009-இல் ஏழு வகையாகப் பிரித்து எழுதியிருப்பதைப் பின்னர் கூடிப் படித்தோம். தீர்வு என்று எதைக் கொண்டுவந்தாலும், அதை மூலச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்த்து, அது பழைய தீர்வின் மாற்றுருவா என்பதையும் ஆராய்ந்த பிறகே குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும் என்று அன்றே தீர்மானித்தோம். கணினி தீர்வுகளை நொடியில் அடுக்கித் தரும் இக்காலத்தில் இந்தக் கட்டுப்பாடு மிகவும் தேவை என்பது என் உறுதியான கருத்து.

இரு தனியலைகள் மோதிய பின்னும் தத்தம் வடிவுடன் பிரிவதை 1965-இல் அமெரிக்க அறிவியலாளர்கள் சபுஸ்கியும் கிரஸ்கலும் கணினியில் கண்டு, அவற்றுக்குச் சாலிட்டான் என்று பெயரிட்டனர். அம்மோதலுக்கு 1971-இல் ஜப்பானிய அறிவியலாளர் ஹிரோட்டா தந்த சரித்தீர்வை வரும் ஆண்டில் கையாலேயே வருவித்துப் பார்க்கச் செயற்குழு முன்மொழிகிறது. இவ்வறிக்கையையும் அம்முன்மொழிவையும் பொதுக்குழுவின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்