துருவ நட்சத்திரமும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் இரவு வானம் பற்றி வந்த கட்டுரையை என் பேத்தி எனக்கு வாசித்துக் காட்டினாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். வடக்கே பார்த்து நன்றாக நிமிர்ந்தால் துருவ நட்சத்திரம் தெரியும் என்று அதில் இருந்தது. அன்று ராத்திரியே என்னை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தோம். கடைசியில், "தாத்தா, நம்ம வீட்டுக்கு அது வராதா?" என்று கேட்டாள்.

வராமல் என்ன, நிமிர்ந்து தேடியதுதான் தப்பு. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில்தான் அங்கே துருவ நட்சத்திரம் நிற்கும். லண்டனில் 51. எங்கள் லால்குடியில் 11. கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தின் மேல் வைத்தால் அந்த அகலம் சுமார் 10 டிகிரி. சின்னக் கைக்குச் சின்ன முஷ்டி என்பதால் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். ஆக, ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. சரியாக அந்த இடத்தில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

எங்கோ குளிர்நாட்டில் வரைந்த படத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிறையும் அதில் அடைப்புக்குறி மாதிரி நிற்கிறது. நம் ஊரில், அதுவும் மாசி பங்குனியில், மூன்றாம் பிறை மேற்கே படகு போல மல்லாந்து கிடக்கும். 'நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு' என்று பயந்து என் அம்மா மூன்றாம் பிறையன்றே எங்களைத் தெருவுக்கு விரட்டுவார். அந்த நம்பிக்கைக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் பிறையை எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் தேடுவது என்பது ஏழு வயதிலேயே எங்களுக்குத் தெரியும். ஓரியன் என்ற வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டமும் அப்படித்தான். படத்தில் விறைப்பாக நிற்கிறான். மார்கழியில் இங்கே கிழக்கே எழும்போது ஒருக்களித்துப் படுத்துக்கொண்டுதான் வருகிறான்.

தொலைநோக்கி வாங்கித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். போன வருஷம் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். பேத்தி அதில் பார்த்தது அவள் கண் இமை முடியைத்தான். இப்போது பரண் மேல் இருக்கிறது.

நம் வானத்தில் இருப்பதைச் சொல்லியிருக்கலாமே. பிப்ரவரி தொடக்கத்தில் இரவு 9 மணிக்குத் தெற்கே இரண்டரை முஷ்டி உயரத்தில் அகத்தியர் நட்சத்திரம் நிற்கும். இரவு வானில் பிரகாசத்தில் இரண்டாவது. லண்டன் பிள்ளைகள் ஊரில் இருந்தபடி அதை ஒருநாளும் பார்க்க முடியாது. அதற்கு மேலே, கொஞ்சம் கிழக்கே தள்ளி, சிரியஸ் நட்சத்திரம். அதன் வெளிச்சம் நம்மிடம் வந்துசேர 8.6 ஆண்டுகள் ஆகும். "நீ பிறந்தப்போ கிளம்பின வெளிச்சம் இப்பத்தான் வருது" என்றேன். என் பேத்திக்கு எட்டரை வயது. ரொம்ப நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்திரை, வைகாசியில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தில் அருந்ததியைக் காட்டிவிட்டு, அப்படியே திரும்பித் தெற்கே சிலுவை மண்டலத்தையும் காட்டலாம். ஜவ்வாது மலையில் காவலூரை வைணு பாப்பு வானியல் ஆய்வகத்துக்குத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் இரண்டு பக்கத்து வானமும் கிடைக்கும்.

மாதம் ஒரு முறை, திருச்சி அட்சரேகைக்குப் போட்ட வானப் படம் ஒன்றை, எத்தனை முஷ்டி உயரம் என்ற குறிப்போடு சிறுவர் பக்கத்தில் வெளியிடுங்கள். கால் பக்கம் போதும்.

தொட்டியை நகர்த்தச் சொல்ல முடியாது. அதனால் வருகிற சனிக்கிழமை கொள்ளிடத்து மணலுக்குப் போகிறோம். இந்தத் தடவை குனிந்து தேடுவதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள்.

ஒரு தாத்தா,
லால்குடி