சூடம் அணைத்து வாங்கும் ஓட்டு: கடற்கரை ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையிலும், தீவுக்குள் பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரத்திலும் உள்ள கிராமத் தலைவர்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் பங்குப் பேரவையினருக்கும் வணக்கம்.

தேர்தல் வந்தால் ஊர் கூடிப் பேசுவதில் தப்பில்லை. பேசி முடித்த பிறகு, ஊர் சொன்ன ஆளுக்கே ஓட்டு என்று கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம், அல்லது வேதத்தின் மேல் கை என்று போகிற ஊர்களுக்குத்தான் இந்த மடல். எழுதுகிற நாங்கள் சாமி கும்பிடாதவர்கள்.

நம்பிக்கை இல்லாதவன் சூடம் அணைத்தால் அது அவனைக் கட்டாது. மாட்டேன் என்று ஒதுங்கினால், 'எதிர்க்கட்சிக்காரன்' என்று அன்றைக்கே பெயர் விழும். சத்தியம் பக்தர்களை மட்டும்தான் பூட்டிவைக்கிறது. எங்களிடமிருந்து அதற்குக் கிடைப்பது பொய், இல்லாவிட்டால் பகை.

சட்டமும் இதை விட்டுவைக்கவில்லை. இந்த ஆளுக்குப் போடாவிட்டால் தெய்வக் குற்றம் வரும் என்று வாக்காளரை நம்பவைப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 171-ஆம் பிரிவின்படி குற்றம். 174-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறொருவரோ செய்தால், 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(2) பிரிவில் ஊழல் நடவடிக்கை ஆகும். ஜெயித்த பிறகும் தேர்தல் செல்லாமல் போகலாம்.

வேடிக்கை என்னவென்றால், வேட்புமனு கொடுக்கிறவருக்கு இந்தச் சங்கடமே கிடையாது. தேர்தல் அதிகாரி முன் உறுதிமொழி எடுக்கும்போது கடவுள் பெயரால் ஆணையிடலாம், 'உளமார' என்றும் சொல்லலாம். அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை இரண்டுக்கும் இடம் தருகிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு உள்ள அந்தச் சலுகை, ஓட்டுப் போடுகிறவனுக்கு ஊர்க் கூட்டத்தில் இல்லை.

'ரகசிய ஓட்டுதானே, உள்ளே போய் இஷ்டம்போலப் போடு' என்பீர்கள். பெரிய ஊரில் சரி. ஒரே ஒரு வாக்குச்சாவடி உள்ள குப்பத்தில் சிக்கல் எண்ணிக்கைக்குப் பிறகு வருகிறது. இயந்திரங்களைச் சாவடி வாரியாக எண்ணி, கணக்கைப் படிவம் 20-இல் வெளியிடுகிறார்கள். ஊர் முடிவுக்கு மாறாகப் பத்து ஓட்டு விழுந்திருந்தால் பத்து என்றே தெரியும். சத்தியத்துக்கு வராதவர்களின் பெயர்களை அதோடு சேர்த்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது. பல இயந்திரங்களின் ஓட்டை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது; 2015-இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. அதுவரை ஊர்தான் கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டும். யாருக்குப் போட்டாய் என்று சாட்சிக்கூண்டில் ஏற்றிக்கூடக் கேட்க முடியாது; மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு தடுக்கிறது. ஊர்க் கூட்டம் கேட்கலாமா?

நாத்திகர் ஓட்டெல்லாம் ஒரே கட்சிக்கு என்ற நினைப்பும் தப்பு. 1954-இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் காமராசரைப் பெரியார் ஆதரித்தார். காமராசர் நின்றது காங்கிரஸ் வேட்பாளராக. மறுபக்கம் பக்தர்களும் அப்படித்தான். 1971 சனவரியில் பெரியார் சேலத்தில் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தால் நாடே கொதித்தது, மார்ச்சில் தி.மு.க. 184 இடங்களைப் பிடித்தது. 2007-இல் இராமர் பாலம் பற்றிக் கருணாநிதி பேசியது பெரிய சர்ச்சையானது. 2009-இல் நம் இராமநாதபுரம் தொகுதியில் ஜெயித்தது அவர் கட்சிதான். இராமநாதசுவாமி இருக்கிற இதே தொகுதி 2019-லும் 2024-லும் முஸ்லிம் லீக்கின் ஏணியைத் தேர்ந்தெடுத்தது. கூட்டணிக் கணக்கு, சாதிக் கணக்கு எல்லாம் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் யார் சாமி கும்பிடுகிறார் என்பது மட்டுமே இங்கே ஓட்டைத் தீர்மானித்ததில்லை.

எங்களில் பலர் பார்ப்பது கணக்கை. 2024-இல் ஓட்டுப் பதிவு ஏப்ரல் 19. அதற்கு நான்கு நாள் முன்புதான் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் அறிவித்தார்கள். பணம் எந்த மாதம் கையில் வந்தது, யார் பெயர் விடுபட்டது, ஏன் விடுபட்டது? கூட்டத்தில் இதைக் கேளுங்கள். சத்தியத்துக்கு ஆகும் நேரத்தில் பாதி போதும். வேட்பாளரின் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். அதை அச்செடுத்து, வழக்குகள், சொத்து, அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி ஆகிய பகுதிகளை மட்டுமாவது உரக்க வாசியுங்கள்.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டாயச் சத்தியம் நடந்தால் தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலில் அங்கேயே படமோ வீடியோவோ எடுக்க வேண்டும். பழைய பதிவை ஏற்றினால் எடுக்காது. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், ஆனால் புகார் என்ன ஆனது என்ற தகவல் உங்களுக்கு வராது. 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் கணக்கு. இருப்பிட வசதியை அணைத்து வைத்திருந்தால் செயலி வேலை செய்யாது. செயலி இல்லையென்றால் 1950-க்கு அழையுங்கள்.

தலைவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 'ஓட்டுக்காகச் சத்தியம் வாங்குவதில்லை. வராதவர் மேல் அபராதமோ ஒதுக்கமோ இல்லை.'

இப்படிக்கு,
கடவுள் மறுப்பாளர்களான கடற்கரை வாக்காளர்கள்